மஞ்சள் வராத இரண்டு முயல்கள்

மன்னாரில் நான் செய்த வேலைகளில் ஒன்றுக்கு மட்டும்தான் சப்பாத்துத் தந்தார்கள். வெள்ளை ரப்பர் சப்பாத்து. வாசலில் ஒரு தட்டத்தில் மருந்துத் தண்ணீர் இருக்கும். அதில் நனைக்காமல் உள்ளே ஓரடி வைத்தாலும் ஒரு பெண்ணின் குரல் வீதி வரைக்கும் கேட்கும். அந்தப் பெண்ணைப் பற்றித்தான் எழுதுகிறேன். அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கும், எனக்கு நாற்பது. நாங்கள் மிஸ் என்று கூப்பிட்டோம். பெயரை எழுதப் போவதில்லை.

அவர் எந்நேரமும் கோபமாக இருந்தார். காலையில் வரும்போதே கோபத்தோடு வருவார். எங்கள் காவலாளி முசலிப் பக்கத்து முஸ்லிம் மனுசன், நாங்கள் நானா என்போம். அவர் சொல்லுவார், "இவவின்ர தேத்தண்ணியில ஆரோ சீனி எண்டு நினைச்சு மிளகாய்த்தூள் போடுறாங்கள்." அதையும் கேட்டுவிட்டு மிஸ் கோபிப்பார். ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு விசயம் இருந்தது. அவர் ஒருநாளும் தனக்காகக் கோபித்து நான் பார்த்ததில்லை. ஒன்று நடந்தால் அது எதற்கு நடந்தது என்று சொல்லவேண்டும். சொல்லாமல் மழுப்பினால்தான் அவருக்குப் பொறுக்காது.

அந்த நிலையம் தாழ்வுபாட்டுக்குப் போகிற வீதியில் இருந்தது. முன்னர் யாரோ கருவாடு அடைத்து வைத்த கட்டடம். வெள்ளையடித்து, ஒரு பக்கம் ஆய்வுகூடம், மறுபக்கம் முயல் அறை என்று பிரித்திருந்தார்கள். ஆய்வுகூடத்துக்குக் குளிரூட்டி. முயல்களுக்கு இரண்டு மின்விசிறி, தகரக் கூரை. மழை பெய்தால் முயல் அறைச் சுவரில் இருந்து பழைய கருவாட்டு மணம் வரும்.

லொறியில் வந்த கூடுகளை இறக்கத்தான் நான் முதலில் போனேன். அதற்கு முன்னர் உப்பளத்தில் நின்றேன், கட்டாரில் கொங்கிரீட் போட்டேன், பேசாலையில் கரைவலைக் கயிறு இழுத்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவனுக்கு ஒரு இடத்தில் நிற்கவும் தெரியாது. கூடுகளை இறக்கி முடித்ததும் மிஸ் வந்து கேட்டார்.

"இஞ்ச வேலைக்கு நிக்கப் போறியளோ?"

"ஓம் மிஸ்."

"என்ன வேலைக்கு?"

"எந்த வேலையெண்டாலும் செய்வன்."

"எந்த வேலையெண்டாலும் எண்டு இஞ்ச ஒரு வேலையும் இல்ல. கூடு கழுவுற வேலை இருக்கு. தீன் வைக்கிற வேலை இருக்கு. ஊசி போடேக்க முயலைப் பிடிக்கிற வேலை இருக்கு. எது?"

"மூண்டும் செய்யிறன்."

"அப்ப அதைச் சொல்லுங்கோ!"

வந்த முதல் நாளே ஏச்சு. நான் அன்றைக்கே போயிருக்கவேண்டும்.

அவருடைய தமிழில் ஒன்று கவனித்தேன். சாதாரணமாக எங்களைப் போலத்தான் கதைப்பார். கோபம் மிஞ்சினால் மட்டும் வேறு தமிழ் வரும். "என்னாங்க இது, கண்ணு எங்க இருக்கு?" என்பார். வீடு பெரியமடுப் பக்கம். அவருடைய அப்பா மலையகத் தோட்டத்தில் இருந்து வந்து அங்கே காடு வெட்டிக் குடியேறியவர். நிலையத்தை நடத்திய பெரிய டொக்டர் வெள்ளிக்கிழமைகளில் வருவார். ஒருநாள் சாப்பாட்டு நேரம், மிஸ் அந்தப் பக்கம் போனதும், அவர் மெல்லிய குரலில் "என்னாங்க, ஏதுங்க" என்று சொல்லிக் காட்டினார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டொக்டர் ஒருநாளும் குரல் உயர்த்தமாட்டார். குரல் உயர்த்தாத ஆளை நல்ல ஆள் என்று நம்புகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது எனக்கு இப்போதும் எரிச்சலூட்டுகிறது.

முயல்களுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது மிஸ்ஸின் சட்டம். நானா ஒரு கொழுத்த முயலுக்கு முதலாளி என்று பெயர் வைத்தார். "முதலாளி இண்டைக்குச் சாப்பிடேல்ல மிஸ், கடையில வியாபாரம் சரியில்ல போல" என்று சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"பேர் வைச்சா நாளைக்கு ஊசி குத்தேக்க கை நடுங்கும். கை நடுங்கினா ஆருக்கு நோகும்? உங்களுக்கே? அதுக்குத்தான் நோகும்."

"நான் ஊசி குத்திறேல்லையே மிஸ். நான் கேற்றில நிக்கிறன்."

"அப்ப கேற்றுக்குப் பேர் வையுங்கோ."

அவர் சொன்னது சரிதான். ஆனால் நாள் முழுக்க அந்தக் காதுகளைப் பிடித்து, வயிற்றைத் தாங்கித் தூக்கிக்கொண்டு திரிகிறவனுக்கு ஒன்றில் இருந்து ஒன்று தெரியாமல் போகாது. எல்லாம் வெள்ளை. ஆனால் ஒன்றின் காது நுனி கிழிந்திருக்கும். ஒன்றுக்கு இடக்கண்ணில் நீர் வடியும். ஒன்று தூக்கினால் மூத்திரம் பெய்யும். பெயர் வைக்காமலே எனக்கு இருபத்திநாலையும் தெரியும். மிஸ்ஸுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று அவர் பார்க்காமலே இருந்தார்.

ஒருமுறை வெளியில் இருந்து பெரிய ஆட்கள் பார்க்க வந்தார்கள். அதில் ஒரு மனுசன் படம் எடுப்பதற்காக ஒரு முயலைக் காதில் பிடித்துத் தூக்கினார். டொக்டர் சிரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். மிஸ் கூட்டத்துக்குள்ளே நுழைந்து முயலின் பின்னங்காலுக்குக் கீழே கையைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

"காதில தூக்கக் கூடாது."

"ஒரு படம்தானே மிஸ்," என்றார் டொக்டர்.

"படத்துக்கு நீங்க தொங்குங்க. நான் உங்க காதைப் பிடிக்கிறேன்."

வந்தவர்களுக்கு யாரோ அதை மொழிபெயர்த்தார்கள். அவர்கள் சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சந்தோசமாக இருந்தது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்கவில்லை.

என்ன சோதனை என்பதை எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னவரும் அவர்தான். ஆடுகளுக்கு ஒரு நோய் வரும், ஆட்டுக்கொல்லி என்பார்கள். மூக்கு வழியும், வாய் புண்ணாகும், கழிச்சல் வரும், பட்டி பட்டியாக விழும். அந்த நோயின் வைரஸுக்கு வெளியே ஒரு தோல் மாதிரி இருக்கிறதாம். அந்தத் தோலில் உள்ள புரதத்தில் ஒரு சின்னத் துண்டை மட்டும் வேறாகச் செய்திருக்கிறார்கள். துண்டுதான் என்பதால் நோய் வராது. அதை ஒரு உடம்புக்குள் ஏற்றினால் அந்த உடம்பு அதை எதிரி என்று அடையாளம் கண்டு எதிர்ப்பை உண்டாக்குமா? முதலில் முயலில் பார்க்கவேண்டும். சரி என்றால் பிறகு ஆட்டில். முதல் பன்னிரண்டு கூட்டு முயலுக்குத் துண்டும் எண்ணெயும் சேர்த்து ஊசி. மற்றப் பன்னிரண்டுக்கு வெறும் எண்ணெய். முதல் நாள் ஒன்று, இரண்டு கிழமையால் ஒன்று, நாலு கிழமையால் ஒன்று. ஆறாம் கிழமை இரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும்.

"வெறும் எண்ணெய் ஏன் மிஸ்? சும்மா ஏன் குத்திறது?" என்று கேட்டேன்.

"எண்ணெயே வேலை செய்யுதோ, துண்டு வேலை செய்யுதோ எண்டு எப்பிடித் தெரியும்?"

பிறகு, கேட்காமலே, ஒரு கதை சொன்னார். மதியம், முயல் அறை வாசலில், சோற்றுப் பார்சலைத் திறந்து வைத்துக்கொண்டு. அவர் தன்னைப் பற்றிச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

"நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க ஆரோ ஜீப்பில வந்து எங்கட ஆட்டுக்கெல்லாம் ஊசி போட்டாங்கள். இனிப் பயமில்ல எண்டு சொன்னாங்கள். அப்பா நம்பினவர். பக்கத்து ஊரில நோய் நிக்குது, அந்தப் பக்கம் விடாதேங்கோ எண்டு ஆக்கள் சொல்ல, எங்கட ஆட்டுக்கு ஊசி போட்டாச்சு எண்டு சொல்லிச்சொல்லி மேய விட்டவர். ஒரு குட்டி மிஞ்சேல்ல. ஊசி போடாட்டிக் கட்டி வைச்சிருப்பார்."

"அது என்ன ஊசி?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். இண்டை வரைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லேல்ல." பார்சலைச் சுருட்டினார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. "வேலை செய்யாத ஊசியில பிழையில்ல. வேலை செய்யாது எண்டு சொல்லாமல் விடுறதுதான் பிழை."

இனி என் பிழையைச் சொல்லவேண்டும்.

சோதனை தொடங்கும் முன்னர், தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில், மேற்குச் சுவரோடு இருந்த கூட்டில் ஒரு முயல் செத்தது. பின்னேர வெயில் அந்தச் சுவரில்தான் விழும். தகரமும் சூடு, சுவரும் சூடு. மிஸ் செத்த முயலை ஒரு பையில் போட்டு டொக்டரின் மேசையில் வைத்தார். "எதுக்குச் செத்தது எண்டு எழுதுங்கோ டொக்டர். வெக்கையில எண்டு எழுதுங்கோ." டொக்டர் பையை வெளியே எடுத்துப்போடச் சொன்னார். செத்ததற்குப் பதில் வேறு முயல் வந்தது, மின்விசிறி வரவில்லை. இன்னொன்றையும் மிஸ் கேட்டுக்கொண்டிருந்தார், முயலின் காதில் அழியாத எண் குத்துகிற இடுக்கி. மூன்று தரம் எழுதிக் கேட்டார். "கூட்டில மட்டை இருக்குத்தானே, அது காணும்" என்று பதில் வந்தது. அதனால் மிஸ் பேனையால் காதுக்குள் எண் எழுதுவார். நாலு நாளில் அழிந்துவிடும். ஊசிக்கு முன்னர் கூட்டு மட்டையைப் பார்த்துத் திரும்ப எழுதுவார்.

கரைவலையில் ஒரு முறை இருக்கிறது. ஒரே கரையில் பல வலைகள் நிற்கும். எல்லா இடத்திலும் ஒரேமாதிரி மீன் விழாது. அதனால் வலைக்கார முதலாளிகள், சம்மாட்டி என்போம், ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. இன்றைக்கு இந்த இடத்தில் வலை வளைத்தவன் அடுத்த முறை பக்கத்து இடத்துக்குப் போவான், கடைசியில் நிற்கிறவன் முதல் இடத்துக்கு வருவான். பாடு மாறுவது என்று சொல்வோம். எந்தப் பெரிய சம்மாட்டியும் அதை மீறமாட்டான். மீறினால் கரையில் அடிபிடி.

அதைத்தான் நான் முயலுக்கும் செய்தேன். திங்கட்கிழமைகளில் எல்லா முயலையும் கூடையில் விட்டுவிட்டுக் கூடு கழுவுவேன். திரும்ப வைக்கும்போது ஒவ்வொன்றையும் அடுத்த கூட்டில் வைத்தேன். இருபத்திநாலாம் கூட்டில் இருந்தது முதலாம் கூட்டுக்கு வரும். எல்லாவற்றுக்கும் வெக்கைச் சுவர் கொஞ்ச நாள், நிழல் கொஞ்ச நாள். முதல் ஊசி போட்டதற்கு அடுத்த திங்கள் தொடங்கினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விசயம் என்று தெரியவில்லை. நீதி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாம் கிழமை இரத்தம் எடுத்தோம். அதில் இருந்து தெளிந்த நீரைப் பிரித்து, சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் விடுவார்கள். எதிர்ப்பு உண்டாகி இருந்தால் குழி மஞ்சளாகும். இல்லையென்றால் தண்ணீர் மாதிரி நிற்கும். மிஸ் தட்டை வெளிச்சத்துக்குப் பிடித்தார். வெறும் எண்ணெய் போட்ட கூடுகளில் சில பளிச்சென்று மஞ்சள். துண்டு போட்ட முதலாம், இரண்டாம் கூடுகள் வெறும் தண்ணீர்.

அன்றைக்கும் மறுநாளும் திரும்பத் திரும்பச் செய்தார். மருந்தைச் சந்தேகப்பட்டார், தட்டைச் சந்தேகப்பட்டார், தன் கையைச் சந்தேகப்பட்டார். மூன்றாம் நாள் முயல் அறைக்கு வந்து கூடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தீன் வைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்த முயல் எல்லாம் அதது அதின்ர கூட்டிலதானே இருக்கு?"

"ஓம் மிஸ். முறைப்படி இருக்கு."

"என்ன முறை?"

சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்ததைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. கவிழ்த்து வைத்த தண்ணீர் வாளியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கு யாருங்க சொன்னது? யாரு சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. மேற்குப் பக்கம் வெக்கை மிஸ். ஒண்டு செத்ததுதானே."

கையில் இருந்த பேனையைச் சுவரில் எறிந்தார். அந்தத் தமிழில் அவர் ஏசியதை எல்லாம் இங்கே எழுதவில்லை. நானா கேற்றில் இருந்து ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஓடினார். ஏசி முடிந்தது. பிறகு எழும்பிப்போய்ப் பேனையைப் பொறுக்கினார்.

"ஒரு திங்களும் விடேல்லையா?"

"விடேல்ல."

"ஒவ்வொரு கூடாத்தான் தள்ளினீங்களா? ரெண்டு தள்ளேல்லையா?"

"ஒண்டுதான். பாடு எண்டா ஒண்டு ஒண்டாத்தான் மாறும்."

தீன் பெட்டியின் மட்டையைக் கிழித்துத் தரையில் விரித்தார். முயல் முயலாகக் கேட்டார். நான் சொன்னேன். இது எங்கே தொடங்கியது, இரண்டாம் ஊசி அன்றைக்கு எங்கே இருந்தது, மூன்றாம் ஊசி அன்றைக்கு எங்கே இருந்தது. முறை தவறாமல் மாற்றியதால் ஒவ்வொன்றும் எந்த நாளில் எந்தக் கூட்டில் இருந்தது என்று சொல்ல முடிந்தது. நான் ஒழுங்கில்லாத பிழை செய்திருந்தால் எல்லாம் போயிருக்கும். மட்டை நிரம்பியபோது கணக்கு இதுதான்: எட்டு முயலுக்கு மூன்று தரமும் துண்டு போயிருக்கிறது. எட்டு முயலுக்கு ஒருதரமும் போகவில்லை. மற்ற எட்டும் கலப்படம்.

"எட்டைப் பழுதாக்கிப் போட்டீங்கள்," என்றார் மிஸ். "பதினாறு மிச்சம் இருக்கு. பதினாறு காணும்."

"அப்ப பிழையில்லையோ மிஸ்?"

"பிழை இல்லாமல் என்ன! பிழை. என்ர பிழையும் இருக்கு. முயலின்ர முகத்தைப் பார்த்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

அந்த மட்டையையும் மஞ்சள் குழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். துண்டே போகாத எட்டிலும் மஞ்சள் ஒன்றும் இல்லை, சரி. கலப்பட எட்டிலும் ஆறு மஞ்சள், அதை மிஸ் கணக்கில் எடுக்கவில்லை. மூன்று தரமும் போன எட்டில் ஆறு மஞ்சள். இரண்டு தண்ணீர். அந்த இரண்டையும் திரும்ப இரத்தம் எடுத்துப் பார்த்தார். திரும்பவும் தண்ணீர். காது கிழிந்தது ஒன்று, இடக்கண் வடிகிறது மற்றது.

"இதுதான் விசயம்," என்றார். அவர் சந்தோசப்பட்ட மாதிரி இருந்தது. எனக்கு விளங்கவில்லை. தோற்றதுக்கு ஏன் சந்தோசம்? அவர் சொன்னார், "எட்டில ரெண்டுக்குப் பிடிக்கேல்ல எண்டு இப்ப தெரிஞ்சுபோச்சு. ஆட்டுக்குப் போக முதல் தெரிஞ்சுபோச்சு."

வெள்ளிக்கிழமை டொக்டர் வந்தார். மட்டையைப் பார்த்தார். நான் கதவுப் பக்கம் நின்றேன்.

"இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கத் தேவையில்லை மிஸ். மஞ்சள் வந்ததெல்லாம் துண்டு போட்ட பக்கம் எண்டு எழுதுங்கோ. வராததெல்லாம் எண்ணெய்ப் பக்கம். எண்ணிப் பார்த்தன், பன்னிரண்டும் பன்னிரண்டும் வடிவா வருது."

"அந்த ரெண்டும்?"

"அது எண்ணெய்ப் பக்கம்."

"அதுக்கு மூணு ஊசியும் போட்டிருக்குங்க."

"ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். இவருக்குத் தெரியும்." என்னைக் காட்டினார்.

டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை மாதத்தில் அவர் என்னை முழுதாகப் பார்த்தது அதுதான் முதல்தரம்.

"மிஸ், உங்கட நிரந்தர நியமனம் அடுத்த மாசம் போகுது. நான்தான் எழுதி அனுப்போணும். முயலுக்காகச் சண்டை பிடிக்காதேங்கோ."

"முயலுக்கா? எட்டு ஆட்டில ரெண்டு ஆடுங்க! ஊசி போட்டாச்சுன்னு நம்பி மேய விடுவாங்க! செத்தா யாரு போய்ச் சொல்றது? நீங்க போவீங்களா?"

"குரலைக் குறையுங்கோ," என்றார் டொக்டர், மெல்லமாக.

அடுத்த கிழமை முயல்களைக் கொன்றோம். அது முன்னரே போட்ட திட்டம்தான், உறுப்புகளையும் பார்க்கவேண்டும். மிஸ்தான் செய்தார், கை நடுங்காமல். பிறகு ஒரு அறிக்கை எழுதினார். என்ன நடந்ததோ அதை அப்படியே. கூடு மாற்றியது இன்னார் என்று என் பெயர். காதில் அழியாத எண் இல்லாமல் சோதனை தொடங்கியது தான் என்று தன் பெயர். மூன்று தரம் கேட்டும் இடுக்கி தராதவர் என்று டொக்டரின் பெயர். அனுப்ப முன்னர் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்.

"என்ர பேரை ஏன் மிஸ் போட்டனீங்கள்?"

"நீங்கள்தானே மாத்தினது?"

"ஓம்."

"அப்ப?"

"ஒரு தொழிலாளி எண்டு போட்டாக் காணாதே?"

"ஒரு தொழிலாளி எண்டா ஆர் வந்து கேட்டாலும் ஆரைக் கேக்கிறது? என்ர பேரும் இருக்கு, டொக்டரின்ர பேரும் இருக்கு. மூண்டு பேரும் வரிசையா இருக்கிறம். வெக்கமே?"

எனக்குக் கோபம் வந்தது. வெளியே போய் நானாவிடம் கத்தினேன். அவர் சிரித்தார். "கலியாணக் கார்ட்டில போடக் குடுத்து வைக்காத பேர், தம்பி. டொக்டருக்குப் பக்கத்தில போட்டிருக்கு. விடும்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடும் இல்லை, காணியும் இல்லை, படிப்பும் இல்லை. பெயர் ஒன்றுதான் இருந்தது. அதையும் ஒரு பிழைக்குப் பக்கத்தில் எழுதிவிட்டார் என்று நினைத்தேன்.

டொக்டர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார், வழக்கமாக வராத நாள். மிஸ் லீவு. என்னைக் கந்தோருக்குள் கூப்பிட்டு, கதிரையில் இருக்கச் சொன்னார். அதுவரை "நீர்" என்றவர் "நீங்கள்" என்றார். ஒரு கடிதத்தை முன்னால் தள்ளினார். இங்கிலீசு.

"கூடு கழுவினனீங்கள், முயலை அதே கூட்டில திரும்ப வைச்சனீங்கள். இதில அவ்வளவுதான் இருக்கு. உங்கட பேருக்கு ஒரு பழுதும் வராது. வேலையும் நிக்கும்."

நான் முட்டாள் இல்லை. அந்தக் கடிதம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். முயல்கள் செத்துவிட்டன. மட்டையில் இருக்கிற கணக்குக்கு நான் ஒருவன்தான் சாட்சி. நான் மாற்றவில்லை என்றால் மட்டை ஒரு கோபக்காரப் பெண்ணின் கற்பனை. தெரிந்துகொண்டுதான் கையெழுத்து வைத்தேன். பெயர் எழுதியதற்கு ஒரு பதிலடி என்று நினைத்தேன். கதிரை தந்ததற்காகவும் இருக்கலாம்.

வியாழக்கிழமை மிஸ் முயல் அறைக்கு வந்தார். கூடுகள் எல்லாம் காலி. நான் கழுவிக்கொண்டிருந்தேன். ஏச்சு வரும் என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"கடிதம் இங்கிலீசிலயா இருந்தது?"

"ஓம்."

"வாசிச்சனீங்களா?"

நான் அடுத்த கூட்டைக் கழுவத் தொடங்கினேன்.

"வாசிக்காமல் கையெழுத்து வைச்சிருந்தா அது செல்லாது. நான் எழுதிக் கேக்கலாம். அதுக்குத்தான் கேக்கிறன். வாசிச்சனீங்களா?"

இல்லை என்று ஒரு சொல். அது உண்மையும்தான். அந்தக் கடிதத்தில் என் பெயரைத் தவிர ஒரு சொல்லும் எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் பத்து வயது இளையவர், படித்தவர், முன்னால் நின்று வாசிக்கத் தெரியுமா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

"வாசிச்சனான்," என்றேன்.

"முழுக்கவா?"

"முழுக்க."

"சரி," என்றார். அவ்வளவுதான். கோபிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

அவருக்கு நியமனம் கிடைக்கவில்லை. எவரோடும் ஒத்துப்போகாத, கோபக்கார ஆள் என்று எழுதினார்களாம், நானா சொன்னார். பெரியமடுவுக்குப் போய்விட்டாரா, வேறு எங்கும் போனாரா, தெரியாது. அதற்குப் பிறகு நான் இரண்டு மாதம்கூட அங்கே நிற்கவில்லை. எந்த வேலைக்காகக் கையெழுத்து வைத்தேனோ அதை நானே விட்டுவிட்டு இன்னொரு லொறியில் ஏறினேன். டொக்டரின் அறிக்கை பன்னிரண்டும் பன்னிரண்டுமாக வெளியே போனது. இப்போது ஆட்டில் பார்க்கப் போகிறார்கள் என்று கேள்வி.

யாராவது வாசிப்பார்கள் என்றால் தமிழில் எழுதுகிறேன், எனக்குத் தெரிந்த மொழியில். முயல்களைக் கூடு மாற்றினவன் நான். ஒவ்வொரு திங்களும், ஒவ்வொரு கூடாக. காது கிழிந்த முயல் மூன்றாம் கூட்டில் தொடங்கியது. கண் வடிந்தது எட்டாம் கூட்டில். இரண்டுக்கும் மூன்று தரமும் துண்டு ஊசி போட்டது. மூன்று தரமும் நான்தான் பிடித்தேன். இரண்டுக்கும் மஞ்சள் வரவில்லை.